மேலே சிப், கீழே ஹெச்.323: ஏற்காடு எஸ்டேட்டையும் சேலம் ஆபீஸையும் போனில் இணைப்பது எப்படி?

மலைப்பாதை_20 · ஞாயிறு இரவு 9:10

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அஸ்தம்பட்டியில் ஒரு காபி வியாபார ஆபீஸில் கம்ப்யூட்டர், கேமரா, போன், பிரிண்டரில் சிக்கிய பேப்பர் எல்லாவற்றுக்கும் நான்தான் ஆள். ஆபீஸில் இருப்பது 2007இல் வாங்கிய இபிஏபிஎக்ஸ், அதாவது ஆபீஸ் போன்களை ஒன்றோடொன்றும் வெளி லைனோடும் இணைக்கும் பெட்டி. வெளியே போக ஒரு பிஆர்ஐ லைன் (பல கால்களை ஒன்றாகக் கொண்டுபோகும் டிஜிட்டல் லைன்). பெட்டிக்குள், காலை நெட்வொர்க் வழியே அனுப்பும் ஐபி கார்டு ஒன்று இருக்கிறது, ஆனால் அதற்குத் தெரிந்த பாஷை ஹெச்.323 என்ற பழைய முறை மட்டும்தான். மலை மேலே, லேடீஸ் சீட்டுக்குச் சற்றுத் தள்ளி, சேலத்தைப் பார்த்த சரிவில் எஸ்டேட். அங்கே போன வருஷம் ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் ஆஸ்டெரிஸ்க் என்ற எக்ஸ்சேஞ்ச் மென்பொருளை ஏற்றி 14 சிப் (SIP) போன் வைத்தேன். நெட்வொர்க்கில் ஓடும் இந்த போன்களின் பாஷைக்குப் பெயர்தான் சிப். பங்களா, ரைட்டர் ரூம், பல்ப்பர் கொட்டகை, காயப்போடும் களம், கேட், மீதி எல்லாம் காட்டேஜ். ஆபீஸ் மொட்டைமாடியிலிருந்து மேலே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ லிங்க். பிங் சீராகப் போகிறது.

முதலாளி கேட்பது ஒன்றுதான். கீழே இருந்து அவர் எண்ணை அழுத்தினால் களத்தில் மேஸ்திரி எடுக்க வேண்டும். பழம் பறிக்கிற சீசன் தொடங்குவதற்குள்.

ஆஸ்டெரிஸ்க்கில் ஹெச்.323 மாட்யூலைப் போட்டு இரண்டுக்கும் நடுவே ட்ரங்க், அதாவது இணைப்புப் பாதை, கொடுத்துவிட்டேன். மணி அடிக்கிறது. எடுத்தால் மேலே பேசுவது கீழே கேட்கிறது, கீழே பேசுவது மேலே கேட்கவில்லை. இது முதல் வியாதி. இரண்டாவது, காட்டேஜ்களிலிருந்து எங்கே கூப்பிட்டாலும் லைன் தானாகத் துண்டாகிறது. ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன்: 32 நொடி. மறுபடி 32. மூன்றாவது முறையும் 32. மற்ற போன்களில் இந்தத் தொல்லை இல்லை. மூன்றாவது வியாதி, கீழ் ஆபீஸின் தானியங்கிக் குரல் 'எக்ஸ்டென்ஷன் எண்ணை அழுத்தவும்' என்கிறது, மேலே இருந்து அழுத்தினால் அது கண்டுகொள்வதே இல்லை.

டீலரைக் கேட்டால் அந்த மாடலுக்கு சிப் லைசென்ஸ் இப்போது வருவதில்லையாம். புதுப் பெட்டிக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டு முதலாளி கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டார்.

அஞ்சுரோட்டு_ஆள் · ஞாயிறு இரவு 9:34

17 வருஷத்துக்கு மேல் ஓடிய பெட்டியை எதற்குக் கட்டி இழுக்கிறீர்கள்? தூக்கிப் போட்டுவிட்டுக் கீழேயும் ஒரு ஆஸ்டெரிஸ்க் வையுங்கள். ஒரே பாஷை, ஒரே தலைவலி.

மலைப்பாதை_20 · ஞாயிறு இரவு 9:41

அண்ணா, கீழே 48 அனலாக் போன் இருக்கிறது. எல்லாம் இரண்டு கம்பி. குடோன் வரைக்கும் கேபிள் போயிருக்கிறது. அத்தனையையும் மாற்ற வேண்டுமானால் முதலில் என்னை மாற்றிவிடுவார்கள்.

எக்ஸ்சேஞ்ச்_தாத்தா · திங்கள் காலை 5:50

தம்பி, தூக்கிப் போடச் சொல்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். நான் வேலையில் சேர்ந்தபோது ஸ்ட்ரோஜர் என்ற பழைய இயந்திர எக்ஸ்சேஞ்சைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். அது அதற்கப்புறமும் பல வருஷம் ஓடியது. புது டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் ஒன்று, பக்கத்து ஊரில் பழையது ஒன்று, நடுவில் ட்ரங்க். இவன் பேசும் பாஷை ஆர்2 எம்எஃப்சி, அவன் பேசுவது எஸ்எஸ்7. இரண்டையும் பேச வைப்பதே எங்கள் பாதி உத்தியோகம். அதனால் உன் கதை எனக்குப் புதிதல்ல.

முதலில் இந்த இரண்டு பாஷையும் எங்கிருந்து வந்தவை என்று பார். ஹெச்.323 என்பது 1996இல் ஐடியூ என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு கொண்டுவந்தது. எழுதியவர்கள் தொலைபேசிக்காரர்கள், அதனால் அதன் அழைப்புப் பகுதியான ஹெச்.225ஐப் பிரித்தால் உள்ளே ஐஎஸ்டிஎன் டிஜிட்டல் லைனின் அழைப்பு முறையான கியூ.931 உட்கார்ந்திருக்கும். உன் பிஆர்ஐ லைனில் ஓடுவதும் அதே கியூ.931தான். செட்டப், அலர்ட்டிங், கனெக்ட், ரிலீஸ் எல்லாம் பழைய சொற்கள். சிப் இணையக்காரர்களுடையது. இணைய விதிகளை எழுதும் ஐஇடிஎஃப் அமைப்பினர் 1999 மார்ச்சில் ஆர்எஃப்சி 2543 என்ற விதி ஆவணமாக வெளியிட்டார்கள், 2002இல் திருத்தி எழுதியது ஆர்எஃப்சி 3261. வெப் பக்கம் கேட்கிற மாதிரியே எழுத்து எழுத்தாகப் போகும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, ஹெச்.323 அந்த ரகம். பைனரி. துண்டை விலக்காமல் என்ன பேசினார்கள் என்று வெளியாளுக்குத் தெரியாது. சிப், காய்கறிக் கடைக்காரர் மாதிரி வாய்விட்டுக் கூவும். ஆனால் துண்டுக்குள் பேசினாலும் வாய்விட்டுப் பேசினாலும் மாடு ஒன்றுதான் தம்பி. உங்கள் மாடு ஆர்டிபி. குரலை எடுத்துப் போவது இரண்டிலும் அதே ஆர்டிபிதான்.

சொல்லுக்குச் சொல் மாற்றுவதில் பெரிய சிரமம் இல்லை. இங்கே செட்டப் என்றால் அங்கே இன்வைட். மணியடிக்கிறது என்பதற்கு இங்கே அலர்ட்டிங், அங்கே 180 என்ற பதில் எண். எடுத்துவிட்டால் கனெக்ட், அங்கே 200. லைன் பிஸி என்றால் எங்கள் ஆட்கள் காரணம் 17 என்போம், சிப்பில் 486. இல்லாத எண்ணுக்குக் காரணம் 1, அங்கே 404. இதற்கெல்லாம் அட்டவணையே உண்டு. சிக்கல் எதில் வருகிறது தெரியுமா? யார், எதை, எப்போது முதலில் சொல்ல வேண்டும் என்பதில். சிப்காரன் கூப்பிடும்போதே 'எனக்கு இந்த இந்தக் கோடெக் (குரலை டிஜிட்டலாக்கும் முறை) தெரியும், குரலை இந்த முகவரிக்கு அனுப்பு' என்று மொத்தத்தையும் கொட்டிவிடுவான். பழைய பாணி ஹெச்.323காரன் அப்படி இல்லை. முதலில் மணியடிப்பான், எடுத்ததும் ஹெச்.245 என்று தனி வழி ஒன்றைத் திறப்பான், உனக்கு என்ன தெரியும் எனக்கு என்ன தெரியும் என்று பட்டியலை மாற்றிக்கொள்வான், யார் தலைமை என்று தீர்மானிப்பான், அதற்கப்புறம்தான் குரலுக்கு வாசலைத் திறப்பான். நடுவில் நிற்கும் உன் ஆஸ்டெரிஸ்க் ஒருவனிடம் இன்னும் தெரியாததை மற்றவனிடம் தெரிந்த மாதிரி சொல்லியாக வேண்டும். கல்யாணத் தரகர் பிழைப்பு.

டீ ஆறுகிறது. மற்றதை இளவட்டங்கள் சொல்லட்டும்.

சூரமங்கலம்_சர்வர் · திங்கள் காலை 10:22

தாத்தா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஹெச்.323இன் இரண்டாம் பதிப்பில், 1998இலேயே, ஃபாஸ்ட் ஸ்டார்ட் வந்துவிட்டது. அதை இயக்கினால் செட்டப்பிலேயே குரல் முகவரியும் சேர்ந்து போகும், கிட்டத்தட்ட சிப் மாதிரி நடந்துகொள்ளும். 2007 பெட்டி என்றால் கண்டிப்பாக இருக்கும். ஐபி கார்டின் மெனுவில் தேடுங்கள், பக்கத்திலேயே ஹெச்.245 டனலிங் என்றும் ஒன்று இருக்கும். இரண்டையும் ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் எடுத்தவர் சொல்லும் முதல் ஹலோவில் 'ஹ' போய் 'லோ' மட்டும் கேட்கும்.

அப்புறம், ஊகித்துக்கொண்டே இருக்க வேண்டாம். ஆஸ்டெரிஸ்க் கம்ப்யூட்டரில் ஒரு கால் முழுவதையும் பாக்கெட்டாகப் பிடித்து, அவற்றைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் திறங்கள். தாத்தா சொன்ன துண்டை அது விலக்கிக் காட்டும். ஹெச்.245இல் ஓப்பன் லாஜிக்கல் சேனல் என்ற, குரலுக்கு வாசல் திறக்கும் கோரிக்கைக்கு உங்கள் ஆஸ்டெரிஸ்க் என்ன பதில் கொடுக்கிறது, அதில் எந்த ஐபி முகவரி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். காட்டேஜ் கால் ஒன்றையும் தனியாகப் பிடியுங்கள். எந்தக் கோடெக் ஓடுகிறது என்பதும் வேண்டும்.

மலைப்பாதை_20 · திங்கள் இரவு 11:48

இன்று மேலே போய்விட்டுத்தான் வருகிறேன். 14ஆவது கொண்டை ஊசியில் லாரி ஒன்று நின்றுவிட்டது, ஒரு மணி நேரம் அங்கேயே.

பிடித்துப் பார்த்தேன். ஆஸ்டெரிஸ்க் கம்ப்யூட்டருக்கு இரண்டு முகவரி: எஸ்டேட் பக்கம் 192.168இல் ஒன்று, ரேடியோ பக்கம் 10.10இல் ஒன்று. கீழ்ப் பெட்டிக்கு அது கொடுக்கும் பதிலில் 192.168 முகவரி இருக்கிறது. கீழே இருக்கும் பெட்டிக்கு அந்த நெட்வொர்க்குக்கு வழியே கிடையாது.

காட்டேஜ் காலில் வேறு கூத்து. போன் கூப்பிடுகிறது, எடுத்தவுடன் சர்வர் 200 ஓகே அனுப்புகிறது. அரை நொடியில் இன்னொரு 200 ஓகே. ஒரு நொடி விட்டு இன்னொன்று. அப்புறம் இரண்டு நொடி, நான்கு நொடி. கடைசியில் சர்வரே 'பை' சொல்லி லைனை வெட்டிவிடுகிறது.

கோடெக் ஜி.729.

சூரமங்கலம்_சர்வர் · செவ்வாய் காலை 9:15

அவ்வளவுதான், பிடிபட்டுவிட்டது.

முதல் வியாதி: கீழ்ப் பெட்டி பாவம், சொன்ன முகவரிக்கு ஒழுங்காகக் குரலை அனுப்பிக்கொண்டிருக்கிறது. நீங்கள் தப்பான முகவரியைக் கொடுத்திருக்கிறீர்கள். ஹெச்.323 கான்ஃபிக்கில் பைண்ட் அட்ரஸ் என்று ஒரு வரி உண்டு, அதில் 10.10 முகவரியை எழுதுங்கள்.

இரண்டாவது: 32 நொடி என்று படித்தபோதே சந்தேகம். சிப்பில் 200 ஓகே கிடைத்ததும் கூப்பிட்டவர் ஏக் ('கிடைத்தது' என்ற பதில்) அனுப்ப வேண்டும். வரும்வரை சர்வர் 200ஐத் திரும்பத் திரும்ப அனுப்பும். அடிப்படை டைமர் அரை நொடி, அதைப் போல 64 மடங்கு காத்துப் பார்த்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கும். அரை நொடி பெருக்கல் 64, உங்கள் ஸ்டாப்வாட்ச் கணக்கு. ஏக் ஏன் வரவில்லை? 200 ஓகேக்குள் கான்டாக்ட் என்ற வரியில் என்ன முகவரி இருக்கிறது பாருங்கள். போன் அந்த முகவரிக்குத்தான் ஏக் அனுப்பும்.

மலைப்பாதை_20 · செவ்வாய் காலை 9:40

10.10. காட்டேஜ்களுக்குத் தனி நெட்வொர்க் பிரித்திருக்கிறேன், விருந்தினர்கள் நம் கம்ப்யூட்டர்களைத் தோண்டக் கூடாது என்று. அங்கிருந்து சர்வரின் 192.168 முகவரிக்கு மட்டும்தான் வழி விட்டிருக்கிறேன். ட்ரங்க் போடுகிற அவசரத்தில் ஏதோ ஒரு வழிகாட்டியைப் பார்த்து எக்ஸ்டர்னல் சிக்னலிங் அட்ரஸில் 10.10ஐ எழுதினேன். லோக்கல் நெட் பட்டியலில் காட்டேஜைச் சேர்க்கவில்லை.

சூரமங்கலம்_சர்வர் · செவ்வாய் காலை 9:44

ஆக, கீழே இருப்பவருக்குக் கொடுக்க வேண்டிய விலாசத்தைக் காட்டேஜுக்கும், காட்டேஜுக்குக் கொடுக்க வேண்டியதைக் கீழேயும் கொடுத்திருக்கிறீர்கள். கல்யாணப் பத்திரிகையில் இரண்டு மண்டபத்தின் பெயரையும் மாற்றி அச்சடித்த மாதிரி. அந்த எக்ஸ்டர்னல் வரியே உங்களுக்குத் தேவையில்லை, எடுத்துவிடுங்கள். ஹெச்.323க்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

மூன்றாவது வியாதிக்கு வருகிறேன். எண் அழுத்தினால் எப்படிப் போகும் என்பதில் ஆளுக்கொரு வழி. சிப் போன்கள் வழக்கமாக ஆர்டிபிக்குள்ளேயே தனிப் பாக்கெட்டாக அனுப்பும். முதலில் ஆர்எஃப்சி 2833, இப்போது 4733 என்பார்கள். ஹெச்.323 பெட்டிகளில் பல அதைக் கவனிக்காது, ஹெச்.245இல் யூசர் இன்புட் என்று வந்தால்தான் எண் என்று ஒத்துக்கொள்ளும். ஹெச்.323 கான்ஃபிக்கில் டிடிஎம்எஃப் (எண் அழுத்தும்போது போகும் ஒலி) மோடை ஹெச்245 ஆல்ஃபாநியூமரிக் என்று மாற்றுங்கள், ஆஸ்டெரிஸ்க் பெயர்த்துக் கொடுக்கும்.

ஜி.729ஐயும் விடுங்கள். 8 கிலோபிட்டுக்கு இறுக்குவது மோடம் லைன் காலத்துச் சிக்கனம். அவ்வளவு இறுக்காத ஜி.711 ஏ-லா கோடெக்குக்கு எல்லா இடத்திலும் மாற்றுங்கள். பாக்கெட் தலைப்பின் சுமையெல்லாம் சேர்த்து ஒரு காலுக்கு ஒரு பக்கம் 80 கிலோபிட், ஜி.729க்கு 24. பத்துக் கால் ஒரே நேரத்தில் போனாலும் உங்கள் ரேடியோ லிங்குக்கு அது தூசு.

அஞ்சுரோட்டு_ஆள் · செவ்வாய் மதியம் 1:05

பார்த்தீர்களா, ஒரு பெட்டியைக் காப்பாற்ற எத்தனை வைத்தியம்.

மலைப்பாதை_20 · புதன் மாலை 6:30

முதல் இரண்டும் தீர்ந்தது! காட்டேஜிலிருந்து 11 நிமிஷம் பேசிப் பார்த்தேன், நிற்கவில்லை. களத்திலிருந்து மேஸ்திரி பேசியதும் முதலாளி ஸ்பீக்கரில் போட்டு எல்லோருக்கும் கேட்க வைத்தார். கேட்டது என்னவோ பின்னால் நாய் குரைத்ததுதான் அதிகம்.

ஆனால் எண் விஷயம் முன்பைவிட மோசம். இப்போது தானியங்கிக் குரல் எண்ணை வாங்கிக்கொள்கிறது. 24 அழுத்தினால் 22க்குப் போகிறது. 25 அழுத்தினாலும் 22. 27க்கும் 22. 31 அழுத்தினால் 33. 22இல் உட்கார்ந்திருப்பவர் எங்கள் கணக்கர். பாவம், காலையிலிருந்து மலையில் யார் கூப்பிட்டாலும் அவர்தான் எடுக்கிறார். 'என்னய்யா, காபிக்கொட்டை விலையை என்கிட்ட கேக்கறாங்க' என்று திட்டுகிறார்.

எக்ஸ்சேஞ்ச்_தாத்தா · புதன் மாலை 6:52

ஒவ்வொரு எண்ணும் இரண்டு தடவை போகிறது தம்பி. நீ 2, 4 அழுத்துகிறாய். அவனுக்கு 2, 2, 4, 4 என்று விழுகிறது. முதல் இரண்டை எடுத்துக்கொண்டு அவன் போய்விட்டான். 31க்கு 33 போவதும் அதனால்தான். 22, 33 எண்காரர்கள் மட்டும் உன் ஆபீஸில் புண்ணியம் செய்தவர்கள், சரியாகப் போகும்.

சூரமங்கலம்_சர்வர் · புதன் இரவு 7:10

தாத்தா சரியாகச் சொன்னார். போன்களில் ஏதாவது கைவைத்தீர்களா?

மலைப்பாதை_20 · புதன் இரவு 7:16

போன வாரமே. எண் போகவில்லையே என்று 14 போனிலும் டிடிஎம்எஃப் செட்டிங்கை 'இரண்டும்' என்று மாற்றினேன். அப்போது எந்தப் பலனும் இல்லை, அப்படியே மறந்துவிட்டேன்.

சூரமங்கலம்_சர்வர் · புதன் இரவு 7:25

அதுதான். 'இரண்டும்' என்றால் போன் பாக்கெட்டாகவும் அனுப்பும், குரலோடு குரலாக பீப் ஓசையாகவும் அனுப்பும். போன வாரம் ஓடியது ஜி.729. அது மனிதக் குரலுக்காகச் செய்தது, பீப் ஓசையை நசுக்கிவிடும். அதனால் கீழ்ப் பெட்டிக்கு அந்த பீப் விளங்கவில்லை. நேற்று நான் ஜி.711க்கு மாற்றச் சொன்னேன், இப்போது பீப் சுத்தமாகப் போகிறது. கூடவே ஹெச்.245 வழியாகவும் அதே எண் போகிறது. உங்கள் பிழையை இதுவரை மறைத்து வைத்திருந்தது அந்தக் கோடெக்தான். 14 போனையும் 4733 மட்டும் என்று திருப்பி வையுங்கள்.

அம்மாபேட்டை_கோடர் · புதன் இரவு 8:02

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். நான் ஆப் எழுதுபவள், உங்கள் பிஆர்ஐ எல்லாம் பார்த்ததே இல்லை. 96இல் வந்ததும் 99இல் வந்ததும் இப்படிக் கட்டிப்புரண்டாவது பேசிக்கொள்கின்றன. இன்று என் கையில் இருக்கும் வாட்ஸாப்பிலிருந்து சிக்னல் ஆப்பில் இருக்கும் ஒருத்தியைக் கூப்பிட முடிவதில்லையே?

சூரமங்கலம்_சர்வர் · புதன் இரவு 8:30

ஒரு காலத்தில் நன்றாகத்தான் இருந்தது அம்மா. கூகுள் டாக் 2005இல் எக்ஸ்எம்பிபி என்ற பொதுச் செய்தி முறையில் வந்தது, 2006 தொடக்கத்திலேயே மற்ற எக்ஸ்எம்பிபி சர்வர்களுக்கு வாசலைத் திறந்தார்கள். அதில் கால் போடுவதற்கான ஜிங்கிள் முறையும் அவர்கள் கைபட்டு வளர்ந்தது. 2013இல் ஹேங்அவுட்ஸ் வந்தது, வாசல் சாத்தப்பட்டது. தொழில்நுட்பம் இடிக்கவில்லை, மனசு இல்லை. ஐரோப்பாவில் டிஜிட்டல் மார்க்கெட்ஸ் சட்டம் போட்டுத் திறக்கச் சொல்கிறார்கள். 2023 செப்டம்பரில் வாட்ஸாப்பைப் பட்டியலில் சேர்த்தார்கள். தனியாள் செய்தி முதலில், குழுச் செய்திக்கு இரண்டு வருஷம், குரலுக்கும் வீடியோவுக்கும் நான்கு வருஷம் என்று கெடு.

ஒரு நிஜமான சிரமமும் இருக்கிறது. நம் ஆஸ்டெரிஸ்க் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசுகிறது என்றால் எல்லாவற்றையும் திறந்து படிக்கிறது என்று பொருள். வாட்ஸாப், சிக்னல் இரண்டும் முனைக்கு முனை பூட்டு. நடுவில் பெயர்ப்பவனை வைத்தால் சாவியை அவனிடம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அது பூட்டே இல்லை.

எக்ஸ்சேஞ்ச்_தாத்தா · வியாழன் காலை 6:05

தம்பி, சட்டம் என்றதும் ஞாபகம் வந்தது, உனக்கு ஒன்று. மேலே ஒருவர் கீழே ஒருவர் உங்களுக்குள் பேசுவது உங்கள் வீட்டு விஷயம். காட்டேஜில் தங்குபவர் உன் பிஆர்ஐ வழியாக வெளியூர் பேசினால் காசு வாங்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதே. நம் நாட்டில் இணையத் தொலைபேசிக்கு 2002 ஏப்ரலில்தான் கதவு திறந்தார்கள், அதுவும் பாதிக் கதவு. உள்நாட்டு போன் எண்ணுக்கு இணையத்திலிருந்து கூப்பிட 2018இல்தான் லைசென்ஸ் விதியைத் தெளிவாக்கினார்கள், அதுவும் லைசென்ஸ் உள்ள கம்பெனிக்கு. லைசென்ஸ் இல்லாமல் எக்ஸ்சேஞ்ச் நடத்தினால் போலீஸ் வரும். ட்ரங்கிலிருந்து பிஆர்ஐக்குப் போகும் வழியை டயல் பிளானில் (எந்த எண் எந்த வழியில் போகும் என்ற பட்டியல்) அடைத்துவிடு. வெளி ஆள் உன் ஆஸ்டெரிஸ்க்குள் புகுந்தாலும் அதுதான் காப்பாற்றும்.

இன்னொன்று. பிஆர்ஐ கார்டுக்கு இன்னொரு இடம் பெட்டியில் இருந்தால், இந்த ஹெச்.323 கலாட்டாவே வேண்டாம். இ1 கேட்வே என்ற பெயர்ப்புப் பெட்டி ஒன்றை வைத்து 30 சேனலாக சிப்புக்கு மாற்றிவிடலாம். இந்தப் பக்கம் சுத்த கியூ.931, நான் கண்ணை மூடிக்கொண்டு சரிசெய்வேன்.

மலைப்பாதை_20 · வியாழன் இரவு 10:20

பெட்டியில் இடம் இல்லை ஐயா, ஏற்கனவே திறந்து பார்த்துவிட்டேன். ஒரு காலி இடம் மாதிரி தெரிந்தது, உள்ளே பல்லி முட்டை.

வெளி வழியை அடைத்துவிட்டேன். காட்டேஜிலிருந்து இப்போது ரிசப்ஷன் மட்டும்தான் போகும்.

14 போனும் மாற்றியாகிவிட்டது. 24 அழுத்தினால் 24.

மாற்றி விடுவது மட்டும் இன்னும் சரியாகவில்லை. கீழே ரிசப்ஷனில் இருக்கும் அக்கா மேலே இருந்து வந்த காலை ஹோல்டில் வைத்து இன்னொருவருக்குத் தள்ளினால் சில சமயம் ஊமையாகிவிடுகிறது.

சூரமங்கலம்_சர்வர் · வெள்ளி காலை 9:05

அது எதிர்பார்த்ததுதான். ஹெச்.323 ஹோல்ட் செய்யும்போது 'எனக்கு எந்தக் கோடெக்கும் தெரியாது' என்று ஒரு வெற்றுப் பட்டியலை அனுப்பும், அதாவது வாயை மூடு என்று அர்த்தம். சிப்பில் அதற்கு மறு இன்வைட்டில் திசையை மாற்றிச் சொல்ல வேண்டும். ட்ரான்ஸ்ஃபருக்கும் அங்கே ஹெச்.450 என்ற முறை, இங்கே ரெஃபர் என்ற கட்டளை. சிப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஷுல்ஸ்ரின்னும் இன்னொருவரும் 2005இல் எழுதிய ஆர்எஃப்சி 4123 இந்த இரண்டையும் இணைக்க என்னென்ன வேண்டும் என்று சொல்கிறது. அதுவும் அடிப்படைக் காலைத்தான் முதன்மையாக எடுத்துக்கொள்கிறது, இந்த உபரி வசதிகளில் ஆளுக்கொரு விதம்தான். மேலே இருந்து வரும் காலைத் தள்ளாமல், கூப்பிட்டவரிடம் எண்ணைச் சொல்லி நேரே அழுத்தச் சொல்லும்படி அந்த அக்காவிடம் சொல்லுங்கள். எனக்கு யேட் என்று இன்னொரு மென்பொருள் மேல் ஒரு கண் இருக்கிறது, இரண்டு பாஷையும் பேசும். சீசன் முடியட்டும், சோதித்துப் பார்க்கலாம்.

மலைப்பாதை_20 · ஞாயிறு காலை 11:30

கடைசித் தகவல். வெள்ளி சாயங்காலம் குரல் உடைந்து உடைந்து வந்தது. மறுபடி ஹெச்.323தான் என்று நினைத்து ராத்திரி ஒரு மணி வரை பாக்கெட் பார்த்தேன். காலையில் மேலே போய்ப் பார்த்தால் ரேடியோ டிஷ்ஷுக்கு நேர் எதிரே ஒரு சில்வர் ஓக். போன வருஷம் லிங்க் போடும்போது தலை தெரியாத மரம், மழைக்கு நன்றாக வளர்ந்துவிட்டது. காற்றில் ஆடும்போதெல்லாம் சிக்னல் இறங்கியிருக்கிறது. மிளகுக்கொடி ஏற்றிய மரம் என்பதால் வெட்ட விடமாட்டோம் என்றார்கள். கவாத்துக்கு வந்த ஆட்களை வைத்து நுனியை மட்டும் கழித்தோம். இப்போது தெளிவாக இருக்கிறது.

நேற்று 22ஆம் நம்பர் கணக்கர் என்னைத் தேடி வந்தார். மூன்று நாளாக அவருக்கு மலையிலிருந்து ஒரு போன்கூட வரவில்லையாம், லைன் கெட்டுவிட்டதா என்று கேட்டார்.